ஆதாரின் 12ஆவது இலக்கம் எதைக் காக்கும், எதைக் காக்காது? வில்லியனூர், பாகூருக்கு ஏன் இந்தக் கணக்கு முக்கியம்?

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாள்களில் சங்கராபரணியிலும் தென்பெண்ணையிலும் வெள்ளம் வர, வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்கள் பல தண்ணீரில் நின்றன. குடும்ப அட்டைதாரர்களுக்குத் தலா 5,000 ரூபாய் நிவாரணம் என்று புதுச்சேரி அரசு அறிவித்தது.

இப்படி அறிவிக்கும் பணத்தை வரிசையில் நிறுத்தி கையில் எண்ணிக் கொடுத்த காலம் மலையேறிவிட்டது. முதியோர் உதவித்தொகை, எரிவாயு மானியம், பயிர் நிவாரணம் என எல்லாமே வங்கிக் கணக்கைத் தேடிப் போகின்றன. பெரும்பாலும் அதற்கு வழி காட்டுவது ஓர் எண்: 12 இலக்க ஆதார்.

அந்த எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் என்ன ஆகும்? 5,000 ரூபாய் வேறு யாருக்காவது போய்விடுமா? இந்தப் பயம் பலருக்கும் உண்டு. ஆனால் இந்தக் குறிப்பிட்ட பயத்துக்குக் கணிதம் ஏற்கெனவே ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால், பணம் வராதபோது எங்கே போய் என்ன கேட்பது என்பது தெளிவாகிவிடும்.

புதுச்சேரிக்கு இது ஏன் பழைய கதை?

நேரடிப் பணப் பரிமாற்றத்தில் புதுச்சேரி ஒரு சோதனைக் களம். மத்திய அரசு 2013இல் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் கட்ட மாவட்டங்களில் புதுச்சேரியும் இருந்தது. 2015 செப்டம்பரில் ரேஷன் மானியமும் பணமாக மாறியது. சண்டிகரும் புதுச்சேரியும்தான் முதலில் மாறின. அரிசிக்குப் பதில் வங்கியில் பணம்.

அரிசியா, பணமா என்ற சண்டை அதன் பிறகு பல ஆண்டுகள் ஓடியது. ஆளுநர் மாளிகை ஒரு பக்கம், அன்றைய அமைச்சரவை இன்னொரு பக்கம், நடுவில் உயர் நீதிமன்ற வழக்கு. கடைசியில் 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் மீண்டும் திறந்தன.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் எடுத்த பாகூரில்கூட, வீட்டுக்கு அரிசி வருமா என்பது பல ஆண்டுகளாக ஒரு வங்கிக் கணக்கையும் ஒரு எண்ணையும் நம்பி இருந்தது. அதனால் சிவப்பு அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு 12 இலக்க எண் என்பது வெறும் கணிதப் புதிர் இல்லை.

எவ்வளவு பெரிய எண் இது?

ஆதார் எண் 0இலோ 1இலோ தொடங்காது. 2 முதல் 9 வரைதான் முதல் இலக்கம். அதை ஒரு முழு எண்ணாக வாசித்தால், நாட்டில் உள்ள எல்லா ஆதார் எண்களும் 20,000 கோடிக்கும் 1 லட்சம் கோடிக்கும் நடுவில் வரும்.

ஆனால் 12 இலக்கமும் சுதந்திரமானவை அல்ல. முதல் 11 இலக்கங்கள்தான் உண்மையான எண். 12ஆவது இலக்கம் அந்த 11லிருந்து கணக்குப் போட்டு எடுக்கப்படுவது. முதல் இடத்துக்கு 8 வாய்ப்பு, மீதி 10 இடங்களுக்குத் தலா 10 வாய்ப்பு. பெருக்கினால் 8,000 கோடி. இதுவரை வழங்கப்பட்டவை 140 கோடிக்கும் சற்று மேல். அதாவது 57 இடங்களில் ஒன்றில்தான் ஆள் இருக்கிறார். மீதி 56 காலி. இந்தக் காலி இடத்துக்கு ஒரு பயன் உண்டு, பின்னால் பார்ப்போம்.

இன்னொரு விஷயம். இந்த எண்ணுக்குள் எந்தத் தகவலும் ஒளிந்திருக்கவில்லை. ஊர், வயது, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. பின்கோடு அப்படி இல்லை. வில்லியனூருக்கு 605110, பாகூருக்கு 607402. பாகூரின் 607, கடலூர்ப் பக்கத்து வரிசை. மாநில எல்லை புதுச்சேரி என்றாலும், தபால் கணக்கில் பாகூர் கடலூரோடு சேர்ந்திருப்பதை அந்த மூன்று இலக்கமே காட்டிக்கொடுத்துவிடும். ஆதார் எண் இப்படி எதையும் காட்டிக்கொடுக்காது. வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்கள்.

கை தவறினால் என்ன ஆகும்?

“நம்பர் சொல்லுங்கம்மா” என்று பொது சேவை மையத்தில் கேட்கிறார்கள். அம்மா படித்துச் சொல்கிறார், அந்தப் பக்கம் விசைப்பலகையில் தட்டுகிறார்கள். எந்தத் தப்பு அதிகம் நடக்கும்?

யாகோபுஸ் ஃபெர்ஹூஃப் என்ற டச்சுக் கணித அறிஞர் இதே கேள்வியை 1960களில் எடுத்துக்கொண்டார். நெதர்லாந்து அஞ்சல் துறையில் மனிதர்கள் உண்மையாகச் செய்த எண் பிழைகளைச் சேர்த்து வகைப்படுத்தினார். பத்தில் ஏறக்குறைய எட்டு, ஒரே ஒரு இலக்கம் மாறிய பிழை. பத்தில் ஒன்று, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியது. 47ஐ 74 என்று தட்டுவது போல. மிச்சம்தான் மற்ற எல்லாம்.

ஆக, இந்த இரண்டு வகையையும் முழுசாகப் பிடித்துவிட்டால் பிழைகளில் பெரும்பகுதி தீர்ந்தது. 1969இல் அவர் வெளியிட்ட முறை அதைத்தான் செய்கிறது. ஆதாரின் கடைசி இலக்கம் அந்த முறையில்தான் கணக்கிடப்படுகிறது. ஆதாருக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய 16 இலக்க மெய்நிகர் எண்ணின் கடைசி இலக்கமும் அதேதான்.

சும்மா கூட்டிப் பார்த்தால் போதாதா?

முதலில் தோன்றும் யோசனை இதுதான். எல்லா இலக்கத்தையும் கூட்டு, வரும் விடையின் கடைசி இலக்கத்தைப் பின்னால் ஒட்டு. வில்லியனூர் பின்கோடை எடுத்துக்கொள்வோம்: 6+0+5+1+1+0 = 13. ஒட்ட வேண்டியது 3. யாராவது 5க்குப் பதில் 8 தட்டினால் கூட்டல் 16 ஆகிவிடும், பிழை மாட்டிக்கொள்ளும். நல்லதுதான்.

ஆனால் 605110ஐ 650110 என்று இடம் மாற்றித் தட்டினால்? கூட்டல் அதே 13. தப்பு தெரியவே தெரியாது. ஏனென்றால் கூட்டலுக்கு வரிசை முக்கியமில்லை. 0+5 என்றாலும் 5+0 என்றாலும் ஒன்றுதான்.

வங்கி அட்டைகளில் இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. ஐபிஎம்மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களில் கொண்டுவந்தது. ஒன்றுவிட்டு ஒரு இலக்கத்தை இரண்டால் பெருக்கிவிட்டுக் கூட்டுவது. இடம் மாறினால் பெருக்கல் மாறும், பிழை தெரியும். உங்கள் கைபேசியில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணின் கடைசி இலக்கமும் லூன் முறைதான். ஆனால் இதில் ஒரு ஓட்டை: 09ஐ 90 என்று மாற்றினால் பிடிபடாது. 9ஐ இரட்டித்தால் 18, அதன் இலக்கங்களைக் கூட்டினால் 1+8, மறுபடி 9. 0ஐ இரட்டித்தாலும் 0. இரண்டுமே அசையாததால் இடம் மாறியது தெரிவதில்லை.

பழைய 10 இலக்கப் புத்தக எண்ணான ஐஎஸ்பிஎன்னில் இந்த ஓட்டையும் இல்லை. ஆனால் அங்கே 11ஆல் வகுக்க வேண்டும். மீதி 10 வந்துவிட்டால் ஒற்றை இலக்கத்தில் எழுத முடியாது. அதனால்தான் சில பழைய புத்தகங்களின் பின்னட்டையில் எண்ணுக்குக் கடைசியில் ‘எக்ஸ்’ என்று ஒரு எழுத்து நிற்கும். எண்களுக்கு நடுவில் எழுத்து வருவது கணினிக்கும் சிரமம், தட்டுபவருக்கும் சிரமம்.

ஐங்கோணம் எங்கிருந்து வந்தது?

ஃபெர்ஹூஃப் என்ன செய்தார்? கூட்டலையே மாற்றிவிட்டார். வரிசை மாறினால் விடையும் மாறும் ஒரு ‘கூட்டல்’ தேவைப்பட்டது. அன்றாட வாழ்க்கையில் அப்படி நிறைய உண்டு. கீரையைக் கழுவிட்டு நறுக்குறதும், நறுக்கிட்டுக் கழுவுறதும் ஒண்ணா? இல்லை. செயல்கள் அதே இரண்டு, வரிசை மாறினால் பலன் வேறு.

அட்டையில் ஒரு ஐங்கோணம் வெட்டிக்கொள்ளுங்கள், எல்லாப் பக்கமும் சமமாக. அதை மேசையில் அதே இடத்தில் பொருந்துமாறு எத்தனை விதமாக வைக்கலாம்? திருப்பாமல் ஒன்று, ஒவ்வொரு மூலையாகச் சுழற்றி நான்கு. ஆக ஐந்து. பிறகு அட்டையைக் கவிழ்த்துப் போட்டு அதே போல ஐந்து. மொத்தம் பத்து. நம்மிடம் இருக்கும் இலக்கங்களும் பத்து. 0 முதல் 4 வரை சுழற்றல்கள், 5 முதல் 9 வரை கவிழ்த்தல்கள் என்று பெயர் வைத்துவிட்டால், ஒவ்வொரு இலக்கமும் ஒரு செயலாகிவிடுகிறது.

சுழற்றிவிட்டுக் கவிழ்ப்பதும் கவிழ்த்துவிட்டுச் சுழற்றுவதும் ஒன்றல்ல. ஃபெர்ஹூஃபின் அட்டவணையில் 1ஐயும் 5ஐயும் சேர்த்தால் 6 வரும். 5ஐயும் 1ஐயும் சேர்த்தால் 9 வரும். இடம் மாறியது உடனே தெரிந்துவிடும்.

ஆனால் 2உம் 3உம் இரண்டுமே சுழற்றல்கள். அவற்றை எந்த வரிசையில் சேர்த்தாலும் ஒரே விடைதான். அதற்கு இன்னொரு தந்திரம்: ஒவ்வொரு இலக்கத்தையும் அது நிற்கும் இடத்தைப் பொறுத்து முதலில் வேறொரு இலக்கமாக மாற்றிவிடுவது. எந்த இலக்கம் எதுவாக மாறும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். எட்டு இடங்களுக்கு ஒருமுறைதான் பழைய முறை திரும்ப வரும்.

சின்ன எண்ணில் பார்க்கலாம். 236 என்ற எண்ணுக்கு இந்த முறையில் கிடைக்கும் சரிபார்ப்பு இலக்கம் 3. ஆக முழு எண் 2363. இதைச் சோதித்தால் விடை 0 வரும். 0 என்றால் சரி. முதல் இரண்டு இலக்கத்தை மாற்றி 3263 என்று தட்டினால் விடை 7. கணினி அந்த இடத்திலேயே ‘தவறான எண்’ என்று சொல்லிவிடும்.

ஒரே ஒரு இலக்கம் மாறிய பிழை எல்லாமே பிடிபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியதும் எல்லாமே பிடிபடும். ‘பெரும்பாலும்’ என்ற பேச்சே இல்லை, நூற்றுக்கு நூறு. மற்ற வகைப் பிழைகளிலும் பெரும்பகுதி மாட்டிக்கொள்ளும்.

காலி இடம் தரும் இரண்டாவது பூட்டு

சரி, யாரோ இரண்டு மூன்று இலக்கங்களைச் சேர்த்தே தப்பாகத் தட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். தோராயமாகப் பத்தில் ஒரு முறை சரிபார்ப்பு இலக்கம் தற்செயலாகப் பொருந்திவிடும். அப்போதும் அந்த எண் உயிருள்ள ஒருவருடையதாக இருக்க வேண்டுமே? மேலே பார்த்தோம், 57 இடங்களில் ஒன்றில்தான் ஆள். இரண்டையும் பெருக்கினால், கண்மூடித் தட்டிய ஒரு 12 இலக்க எண் இன்னொருவர் மேல் போய் விழும் வாய்ப்பு சுமார் 570இல் ஒன்று.

கைபேசி எண்ணோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 6 முதல் 9 வரை தொடங்கும் 10 இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. இந்தியாவில் இருக்கும் கைபேசி இணைப்புகள் 115 கோடிக்கு மேல். சரிபார்ப்பு இலக்கம் என்று எதுவும் கிடையாது. ஆக, கைபேசி எண்ணில் ஒரு இலக்கம் தவறினால், மூன்று நான்கு முறைக்கு ஒருமுறை உண்மையான ஒருவரிடம் போய் நிற்கும். யுபிஐயில் நண்பனுக்கு அனுப்பிய பணம் ‘யாரோ ஒருத்தருக்கு’ப் போகும் கதைகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டிலும் இந்தப் பூட்டு இல்லை, பின்கோடிலும் இல்லை.

இந்தப் பூட்டு எதைக் காக்காது?

முக்கியமான இடம் இதுதான். சரிபார்ப்பு இலக்கம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: ‘இந்த எண் ஒழுங்காகத் தட்டப்பட்டிருக்கிறதா?’ ‘இது யாருடைய எண்?’ என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

மாமியாரின் விவரத்தில் மருமகளின் ஆதார் எண் ஏறிவிட்டால், கணினி ஒன்றும் சொல்லாது. இரண்டுமே சரியான எண்கள். இறந்தவரின் எண்ணும் சோதனையில் தேறும். இறந்தவர்களின் ஆதார் எண்கள் 2 கோடிக்கும் மேல் முடக்கப்பட்டதாக ஆதார் ஆணையம் 2025 நவம்பரில் தெரிவித்தது. அப்படி முடக்க ஆணையத்தின் பதிவேட்டில்தான் கை வைக்க வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அலுவலகத்தில் எக்செல் திறப்பவர்களுக்கு இன்னொரு உதாரணம் உடனே புரியும். பயனாளிகள் பட்டியலில் பெயர் வரிசையை மட்டும் அகர வரிசைப்படுத்திவிட்டு, எண் வரிசையை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் சரி. ஏறக்குறைய ஒவ்வொரு பெயரும் தப்பு. ஃபெர்ஹூஃப் சோதனை அந்தப் பட்டியலுக்கு முழு மதிப்பெண் கொடுக்கும். ஒரே ஒரு கிளிக்கில் நடக்கும் இந்தப் பிழைக்கு ஐங்கோணத்தில் மருந்து இல்லை.

போலி அட்டை விஷயத்திலும் இதேதான். யாரோ ஒருவர் கற்பனையாக எழுதும் எண்களில் பத்தில் ஒன்று சோதனையில் தேறும். சூத்திரம் தெரிந்தவருக்குப் பத்தும் தேறும். ‘செயலி எண்ணை ஏத்துக்கிச்சு, அப்போ ஒரிஜினல்தான்’ என்று வீட்டு வாடகைக்கோ வேலைக்கோ ஆளெடுக்கும்போது நினைப்பது ஆபத்து. உண்மையா என்று அறிய, அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டை ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

எண் சரி, ஆளும் சரி, பணம் மட்டும் எங்கே?

இன்னொரு கட்டமும் இருக்கிறது. ஆதார் வழியாகப் பணம் போகும்போது, அனுப்பும் துறைக்கு வங்கிக் கணக்கு எண் தேவையில்லை. தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் ‘மேப்பர்’ என்ற பட்டியலில், இந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று பார்க்கப்படும். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் அங்கே இருக்கும். கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ, அதுதான்.

வில்லியனூரில் ஒருவருக்குக் கூட்டுறவு வங்கியில் ஒரு கணக்கு, தேசிய வங்கியில் ஒரு கணக்கு, சிம் கார்டு வாங்கியபோது கடைக்காரர் திறந்து கொடுத்த பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு ஒன்று என இருக்கலாம். அவர் தேசிய வங்கியின் பாஸ்புத்தகத்தோடு அலைவார். பணம் பேமென்ட்ஸ் வங்கியில் தூங்கும். இது வெறும் கற்பனை இல்லை. 2017இல் நாடு முழுக்கப் பலரின் எரிவாயு மானியம், அவர்களுக்கே தெரியாமல் திறக்கப்பட்ட பேமென்ட்ஸ் வங்கிக் கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது பெரிய சர்ச்சையானது. அங்கேயும் எண்களில் ஒரு இலக்கம்கூடத் தவறவில்லை.

கணக்கு எண் போட்டு அனுப்பும் பணத்தில் சிக்கல் வேறு மாதிரி. பெயர் பொருந்துகிறதா என்று பார்க்காமல், கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணத்தை வரவு வைக்கலாம் என்பது நீண்ட காலமாக இருந்த நடைமுறை. சரியான எண்ணைக் கொடுப்பது அனுப்புபவரின் பொறுப்பு. இப்போது அதற்கு ஒரு தீர்வு வந்திருக்கிறது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றங்களில் அனுப்பும் முன்பே பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. யுபிஐயிலும் வங்கியில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்ற விதி 2025 ஜூன் இறுதிக்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது.

கவனித்தால் தெரியும், இந்தத் தீர்வில் கணிதமே இல்லை. திரையில் ஒரு பெயர் வருகிறது, ஒரு மனிதர் அதைப் படித்துப் பார்க்கிறார். ‘யாருடைய எண்’ என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்திருக்கும் எளிய மருந்து அதுதான்.

என்ன செய்யலாம்?

பணம் வரவில்லை என்றால் ‘நம்பர் தப்பா போட்டுட்டாங்க’ என்று தொடங்குவதைவிட, மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்பது பலன் தரும்.

ஒன்று, பட்டியலில் என் பெயருக்கு எதிரே இருப்பது என் எண்தானா? கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் கேட்டால் போதும், முழு எண்ணையும் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு, என் ஆதார் இப்போது எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது? ‘மைஆதார்’ தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்தால், வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் வங்கியின் பெயரும், இணைப்பு செயலில் உள்ளதா என்பதும் தெரியும். ஊரில் இருக்கும் அம்மா, அப்பா, பாட்டிக்கு, ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் செய்து கொடுக்கக்கூடிய உதவி இது. ஓடிபி வரும் கைபேசி எண் ஆதாரில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதை மட்டும் முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று, அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறதா? நீண்ட நாள் பரிவர்த்தனை இல்லாமல் முடங்கிய கணக்காக இருந்தால் வங்கியில்தான் தீர்வு. கொம்யூன் அலுவலகத்திலோ ரேஷன் கடையிலோ கேட்டுப் பயனில்லை.

பட்டியல் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எண் சோதனையில் தேறிவிட்டது என்பதோடு நிறுத்தாமல், எண்ணும் பெயரும் ஒருவருடையவைதானா என்று ஆணையத்திடம் ‘ஆம், இல்லை’ பதில் வாங்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தினால் எக்செல் கலைந்தது முதல் நாளே தெரிந்துவிடும். கைரேகையை மட்டும் நம்பினால், நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் ரேகை தேய்ந்த கைகளுக்கு அது இன்னொரு தடையாகிவிடும்.

எண்ணைத் தட்டும் விரல் தவறினால் தடுத்து நிறுத்த ஒரு ஐங்கோணம் போதும். அது 1969லேயே முடிந்த வேலை. அந்த எண்ணுக்கு எதிரே சரியான ஆளின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும், ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையாகவே இருக்கிறது.